மகாங்காவுக்கு விழுந்த ஓட்டுகள்

அத்தியாயம் 17

செத்தவனுக்கு ஓட்டுப் போடக்கூடாது என்று சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வகேஷோவுக்கும் தோன்றவில்லை. கிஷாவி பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் மாணவர் மன்றத்துக்குச் சட்டம் எழுதியவள் அவள்தான். தேர்தல் குழுவின் தலைவியும் அவள்தான். இப்போது முழித்துக்கொண்டு நிற்பவளும் அவள்தான்.

விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன வாரப் பக்கத்தில் உங்களில் சிலர் மண்டாசிப் பலகாரம் மடித்துத் தின்றிருப்பீர்கள்.

வகேஷோவின் அண்ணன் மகாங்கா இதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வேளாண்மை படித்தவன். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி விடுதியில் அவனுக்கு மூச்சிரைப்பு வந்தது. கல்லூரி வண்டி கொட்டகையிலேயே நின்றது. இரவில் வண்டி வாசலைத் தாண்ட வேண்டுமானால் பொறுப்பு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அது வருவதற்குள் மகாங்கா போய்விட்டான்.

மாணவர்கள் ஒரு வாரம் வகுப்புக்குப் போகாமல் புல்வெளியில் உட்கார்ந்தார்கள். தாய்ப் பல்கலைக்கழகம் இறங்கிவந்து, சரி, உங்களுக்கென்று ஒரு மன்றம் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அந்த மன்றத்துச் சட்டத்தில் ஏழாவது பிரிவுதான் எல்லாவற்றுக்கும் உயிர். ராத்திரியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அன்றைக்கு முறையில் இருக்கும் மாணவப் பிரதிநிதியின் கையெழுத்தே வண்டிக்குப் போதும்.

கல்லூரி முதல்வர் தனக்குப் பிடிக்காத பெயர்களை அடித்துவிடுவார் என்ற பயத்தில், வேட்புமனு என்பதே கிடையாது என்று வைத்தார்கள். வெற்றுத் தாளில் வேண்டிய பெயரை எழுதலாம். கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

நானூற்றுப் பன்னிரண்டு தாள்களைப் பிரித்தார்கள். இருநூற்று ஐம்பத்தேழில் மகாங்காவின் பெயர் இருந்தது. யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்ததல்ல. ஒவ்வொருவரும் தான் ஒருவர் மட்டும்தான் அப்படி எழுதுகிறோம் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கொண்டிருந்த வகேஷோ ஐம்பதாவது தாளில் எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வந்து மீதியை எண்ணினாள்.

சிக்கல் என்னவென்றால், பதிவேட்டில் அவன் பெயர் இன்னும் இருந்தது. கிளியரன்ஸ் படிவம் முடியாமல் யாருடைய பெயரையும் எடுக்க முடியாது. நூலகம், விளையாட்டுத் துறை, விடுதி என்று ஒவ்வொரு இடத்திலும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து ஒப்பம் வாங்க வேண்டும். மகாங்காவின் இரண்டு புத்தகங்கள் அவன் அம்மாவிடம் இருந்தன. அவள் கொடுக்கவில்லை. ஆகவே கல்லூரிக் கணக்கில் அவன் இன்னும் மாணவன். இப்போது மன்றத் தலைவனும் அவனே. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் உயிரோடு இருக்கும் ஒருவருடைய பெயர் தாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேராவிட்டால், மன்றம் அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. அது வகேஷோவுக்கு மட்டும் தெரிந்தது. போன வாரம் காவலாளியின் வாசல் புத்தகத்தை அவள் புரட்டிப் பார்த்தாள். அந்த ராத்திரிப் பக்கத்தில் நான்கு வரிகள் இருந்தன. 1.20, பொறுப்பு அதிகாரி முவாடிமே, போன் அணைக்கப்பட்டிருக்கிறது. 1.50, அதேபோல. 2.40, அதேபோல. 4.05, இனித் தேவையில்லை.

முவாடிமே வேறு யாருமில்லை. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கல்லூரியின் உதவிப் பதிவாளர்.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மட்டாட்டு வேன் மகாங்கா அம்மாவைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று.

அவள் பெயர் டெல்ஃபினா. மூத்த பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஊரில் எல்லோருக்கும் அவள் மகாங்கா அம்மா. அவன் போன பிறகு, எப்படிக் கூப்பிடுவதென்று ஒரு வாரம் எல்லோரும் தடுமாறினார்கள். அப்புறம் பழையபடியே கூப்பிட்டார்கள். அவளும் பழையபடியே திரும்பிப் பார்த்தாள்.

"சாப்டியா?" என்றாள் மகளைப் பார்த்ததும்.

"சாப்டேம்மா."

"பொய் சொல்லாத. மூஞ்சி காஞ்சு கெடக்கு. வாழையிலையில கிமங்கா கட்டியாந்திருக்கேன், தின்னு மொதல்ல."

லேசோத் துணி மூட்டையை மடியில் வைத்து அவிழ்த்தாள். இலைப் பொட்டலத்துக்குக் கீழே இரண்டு புத்தகங்கள் இருந்தன. வகேஷோ அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"வர்றேன்னுதான் போன்ல சொன்னேன். கையெழுத்துப் போடறேன்னு சொல்லல."

"தெரியும்மா."

"இந்த ரெண்டு புஸ்தகமும் என் வீட்ல இருக்கிறவரைக்கும் அவன் இங்க படிச்சிட்டிருக்கான். இன்னிக்குக் குடுத்துட்டா, நாளைக்குக் காலைல எந்திரிச்சு நான் என்னன்னு நெனைக்கிறது?"

வகேஷோ கிமங்கா மசியலைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில் முசெம்பி வந்தான். நூற்று இருபத்தோரு ஓட்டு வாங்கி இரண்டாவதாக வந்தவன். கம்பம் மாதிரி உயரம். மூன்று நாளாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்ததில் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தான்.

"ஷிகமூ, அம்மா" என்று வணங்கினான்.

"மரஹபா, தம்பி. நீதான் ரெண்டாவது வந்தவனா?"

"ஆமாம்மா. செத்தவன்கிட்டயே தோத்த காம்ரேட்னு விடுதியில எனக்குப் பேரே வெச்சிட்டாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். வகேஷோ பார்வையாலேயே அவனைப் பொசுக்கினாள். ஆனால் மகாங்கா அம்மா சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து மகள் அன்றுதான் பார்த்தாள்.

"அவன்கிட்ட தோக்கறதுல ஒண்ணும் கேவலமில்லப்பா. சின்னதுலேர்ந்தே எதையும் விட்டுக்குடுக்க மாட்டான்."

"நானும் அவனுக்குத்தாம்மா எழுதினேன்" என்றான் முசெம்பி.

சிரிப்பு நின்றுவிட்டது. மகாங்கா அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை பேரும் அவன்தான் வேணும்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் நீங்களே ஏன் அவனை எடுக்கச் சொல்றீங்க?"

நியாயமான கேள்விதான். வகேஷோ மூன்று நாளாக இதற்குப் பதில் தயார் செய்துகொண்டிருந்தாள். சட்டம், பிரிவு, பல்கலைக்கழகத்தின் கடிதம் என்று வரிசையாக அடுக்கிவைத்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"நாலு மணிக்குள்ள உசுரோட ஒருத்தன் பேர் போகலேன்னா மன்றம் கெடையாதும்மா. மன்றம் இல்லேன்னா ஏழாவது பிரிவு இல்ல. ராத்திரி வண்டி பழையபடிதான் நிக்கும்."

மகாங்கா அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். காவலாளியின் கூண்டு, இரும்புக் கதவு, அதற்கு அப்பால் மலைச்சரிவில் இறங்கும் சாலை.

"இப்ப விடுதியில மூச்சிரைப்புக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ரெண்டு பேர். ஒரு பொண்ணு மொதல் வருஷம்."

மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"படிவத்த எடு. எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

*

நூலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். நூலகர் அம்மாள் புத்தகங்களை வாங்கி, அட்டையைத் தட்டி, முதல் புத்தகத்தின் பக்கங்களைச் சரசரவென்று புரட்டினார். திரும்பிவரும் புத்தகங்களில் பென்சில் கோடு இருந்தால் அழித்த பிறகுதான் அலமாரியில் வைப்பார். அது அங்கே வழக்கம். பழக்கதோஷத்தில் ரப்பரை எடுத்துவிட்டார். மண் வகைகள் பற்றிய பாடத்தில் மகாங்காவின் கோணல் எழுத்து ஓரமெல்லாம் ஓடியிருந்தது.

ரப்பர் தாளில் படுவதற்குள் அவருக்கு நினைவு வந்துவிட்டது. கை அப்படியே நின்றது.

"மன்னிச்சிருங்கம்மா. இது இப்படியே இருக்கட்டும். நான் உள்ள வெச்சிடறேன்."

"அடுத்து எடுக்கற பிள்ளைக்குக் குழப்பமா இருக்காதா?" என்றாள் மகாங்கா அம்மா. "குடுங்க. நான் அழிக்கிறேன்."

வகேஷோ தடுக்கப் போனாள். அம்மா ஏற்கெனவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு பக்கமாக அழித்தாள். பிள்ளையின் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவதுபோல, அழுத்தாமல், பொறுமையாக. ரப்பர் துகளை ஊதும்போது மட்டும் நிறுத்திப் படித்துப் பார்த்தாள்.

"இது என்ன எழுதியிருக்கான்?"

"நம்ம கீழ்த்தோட்டத்து மண் இதுதான்னு எழுதியிருக்கான்மா."

"அதுல ஒண்ணும் வெளையாதுன்னு நான்தான் சொன்னேன்."

"அடுத்த வரில அதான் இருக்கு. சுண்ணாம்பு போட்டா வெளையும், அம்மாகிட்ட சொல்லணும்னு."

மகாங்கா அம்மா அந்த வரியை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு அதையும் அழித்தாள். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நூலகர் அம்மாள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அட்டைகளை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒப்பமிட்டு, முத்திரை வைத்தார்.

வெளியே வந்ததும் வகேஷோ அழுதாள். அம்மா அழவில்லை.

"அழுவறதுக்கு எனக்கு வீட்ல நேரம் இருக்கு. நீ நட" என்றாள்.

விளையாட்டுத் துறையில் கைப்பந்துப் பயிற்சியாளர் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நெளிந்தார். பந்து திரும்பிவிட்டது, முழங்கால் பட்டை திரும்பிவிட்டது. ஜெர்சி ஒன்று பாக்கி, ஒன்பதாம் எண்.

"காணாமப் போச்சுன்னு எழுதிக்கலாமாம்மா? அப்படி ஒரு வழி இருக்கு."

"காணாமப் போகலியே. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நான்தான் மாட்டிவிட்டேன்."

பயிற்சியாளருக்கும் தெரியும். அவரும் மலைமேல் அடக்கத்துக்கு வந்திருந்தார், பெட்டிக்குள் பார்த்திருந்தார். பேனாவை எடுத்து, திரும்பப் பெற்றேன் என்று எழுதி ஒப்பமிட்டார்.

விடுதியில் வேலை சீக்கிரம் முடிந்தது. கட்டில், மெத்தை, சாவி எல்லாம் ஒரு முதலாண்டுப் பையனுக்குப் போய்விட்டதாக வார்டன் சொன்னார். அதைச் சொல்லும்போது ஏதோ தானே அவற்றைத் திருடியதுபோலக் கூசினார். மகாங்கா அம்மா அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை.

"அந்த ஜன்னல் பனிக்காலத்துல சரியா மூடாது. பழைய துணி சொருகச் சொல்லுங்க அந்தப் பையனை" என்று மட்டும் சொன்னாள்.

*

பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது மணி இரண்டு ஆகிவிட்டது. வராந்தாவிலேயே முவாடிமே காத்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து மூட்டையை வாங்கிக்கொண்டார்.

மனிதர் இந்த நான்கு மாதத்தில் ஆளே பாதியாகிவிட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வீட்டுக்குப் போகிறார். விறகு பிளக்கிறார், கூரைத் தகரத்தை மாற்றினார், மகாங்காவின் கல்லறை மேட்டைச் சுற்றித் தானே கல் அடுக்கினார். வகேஷோவின் அப்பா மொம்பாசாவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த வீட்டுக்கு ஆண் துணை என்றால் இவர்தான். ஊரே சொல்கிறது, தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று. வகேஷோவும் போன வாரம்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உக்காரு. டீ சொல்றேன்."

"டீ கெடக்கட்டும். முகம் கழுவிட்டு வர்றேன்." அம்மா குழாயடிக்குப் போனாள்.

மாமாவும் மருமகளும் தனியாக நின்றார்கள்.

"வாசல் புஸ்தகத்தை நீ வாங்கிப் பாத்ததாக் காவலாளி சொன்னான்" என்றார் முவாடிமே.

"பாத்தேன் மாமா."

"அந்த வாரம் பூரா தினம் ராத்திரி யாராவது கூப்பிடுவாங்க. பாட்டுக் கச்சேரிக்குப் போகணும், வண்டி குடுன்னு. குடிச்சிட்டுக் கூப்பிடுவாங்க. எரிச்சல்ல… அன்னிக்கு ஒரு நாள்தான் அணைச்சேன். ஒரே ஒரு நாள், வகேஷோ."

திட்டுவதற்குப் போன வாரமே சொற்களைச் சேர்த்துவைத்திருந்தாள். எதிரே நின்றவரைப் பார்த்தால், இவரை வெறுக்கவும் அவளால் முடியவில்லை. இவர் கையைப் பிடிக்கவும் முடியவில்லை.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லணும்னுதான் போறேன். போனதும் தட்டுல உகாலிக் களி போட்டு முன்னால வெச்சிடறா."

அம்மா லேசோவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மேசைமேல் படிவத்தின் கடைசிப் பக்கம் விரிந்தது. கல்லூரியை விட்டுப் போவதற்கான காரணம் என்று தலைப்பு. கீழே நான்கு கட்டங்கள். படிப்பு முடிந்தது, வேறு கல்லூரிக்கு மாற்றம், தானாக விலகல், நீக்கம். அச்சடித்தவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. சட்டம் எழுதும்போது வகேஷோவுக்கும் அது தோன்றவில்லை, அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

"மூணாவதுல ஒரு டிக் போதும்க்கா" என்றார் முவாடிமே, மேசையைப் பார்த்தபடி. "முதல்வரும் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு."

மகாங்கா அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தாள்.

"தானாக விலகல்."

"சும்மா ஒரு வார்த்தைதான்க்கா. பேரை எடுக்கணுமில்ல, அதுக்காக."

"என் பிள்ளை தானாவா போனான்?" அவள் குரல் உயரவில்லை. "பரீட்சைக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்குன்னு சுவத்துல கோடு போட்டு வெச்சிருந்தான். அவனா விலகினான்? இதுல நான் டிக் போட்டா, நாளைக்கு அங்க போய் அவன் மூஞ்சில எப்படிடா முழிக்கிறது?"

சுவர்க் கடிகாரத்தில் இரண்டே கால்.

"அக்கா, வேற கட்டம் இல்லியே."

"இடம் இருக்குல்ல?"

நான்காவது கட்டத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இருந்தது. மகாங்கா அம்மா பேனாவை வாங்கினாள். முதலில் ஒரு கட்டம் வரைந்தாள்; ஒரு பக்கம் கோணிப்போயிற்று. அதில் டிக் அடித்தாள். பக்கத்தில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

வண்டி வரவில்லை.

அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். டெல்ஃபினா என்று தன் பெயரை எழுதி, ஒரு கணம் பார்த்து, பக்கத்தில் மகாங்காவின் அம்மா என்றும் எழுதினாள்.

படிவம் தம்பியின் பக்கம் திரும்பியது. முத்திரை வைக்க வேண்டியவர் அவர். இந்த வரிக்கு மேல் கல்லூரி முத்திரை விழுந்தால், அது கல்லூரியே ஒப்புக்கொண்டது மாதிரி. முதல்வர் சும்மா விடமாட்டார். வகேஷோவுக்கு அது தெரியும். அவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

முவாடிமே படிவத்தைப் படித்தார். இரண்டு சொற்களைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, மைப்பட்டையில் ஒற்றி, அந்த வரியின் மேலேயே வைத்தார்.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டாள் அக்கா.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆகும் என்றா ஆகாது என்றா என்று தெரியவில்லை. அவள் எட்டி அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"நீ ஒருத்தனாவது எனக்குன்னு இருக்கியே."

வகேஷோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றரை மணிக்குப் பதிவேட்டில் மகாங்காவின் பெயர் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. மூன்று ஐம்பதுக்குப் பட்டியல் தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு ஃபாக்ஸில் போயிற்று. முதல் பெயர் முசெம்பி.

*

ஐந்து மணிக்குக் காமுகுஞ்சி. மாணவர்கள் எல்லோரும் கூடும் கூட்டத்துக்கு இங்கே அதுதான் பெயர். சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுகளைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு நானூறு பேரும் நின்றார்கள். சமையற்கட்டிலிருந்து அவித்த சோளமும் பயறும் மணந்தது. மன்றத்துக்கு அவைத்தலைவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை தேர்தல் குழுத் தலைவியே முதல் கூட்டத்தை நடத்த வேண்டும் என்று சட்டம். அதையும் வகேஷோதான் எழுதியிருந்தாள். பாவம், எத்தனை குழிதான் வெட்டிவைத்தாள்!

மேசைமேல் ஏறி நின்றாள். கூடத்தின் கடைசியில், கதவை ஒட்டி, அம்மா நின்றாள். மாமாவின் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

"காம்ரேடுகளே. தேர்தல்ல அதிக ஓட்டு வாங்கினவர்…" தண்ணீர் குடித்தாள். "அதிக ஓட்டு வாங்கினவர் பேர் இன்னிக்கு மூணரை மணியோட பதிவேட்டுல இல்ல."

யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் முன்வரிசையில் விசும்பினாள். வகேஷோ மீதியையும் சொல்லி முடித்தாள். முசெம்பி வந்து கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தான். ஏழாவது பிரிவை அவன் வாய்விட்டு வாசித்தபோதுதான் கூடம் முதன்முதலாகக் கைதட்டியது. தட்டு, மேசை, ஜன்னல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். கடைசியில் நின்ற அம்மாவும் தட்டினாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நானும் இந்த வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முன்வரிசையில் விசும்பிய அந்த முதலாண்டுப் பெண் கையைத் தூக்கினாள். மூச்சிரைப்புக்காரி. கையில் இன்ஹேலரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மன்றத்தோட முதல் தீர்மானத்தை நான் கொண்டுவர்றேன். அந்த ராத்திரி வாசல் புஸ்தகத்தை வாங்கி, இந்தக் கூட்டத்துல படிக்கணும். கையெழுத்துப் போட வேண்டியவர் யாரு, அவர் எங்க இருந்தாருன்னு எல்லாருக்கும் தெரியணும்."

"ஆமா! படிக்கணும்!" கூடம் அதிர்ந்தது. ஆளாளுக்கு வழிமொழிந்தார்கள்.

வகேஷோவுக்கு ஒரு வழி இருந்தது. நிகழ்ச்சி நிரலில் இல்லாததை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கத் தலைமைக்கு அதிகாரம் உண்டு. ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் தம்பி இருப்பான். ஞாயிற்றுக்கிழமை உகாலி இருக்கும். பிள்ளையின் பெயரைக் காலையிலிருந்து தன் கையாலேயே அழித்துவிட்டு வந்திருப்பவளிடம், மிச்சம் இருப்பதையும் பிடுங்க வேண்டுமா?

ஆனால் இரண்டாயிரம் முறை படித்துச் சட்டம் எழுதியவள் அவள். தனக்கு வேண்டியவர் என்றால் ஒரு நியாயம், வேண்டாதவர் என்றால் வேறு நியாயம் என்று முதல் நாளே நடந்தால், இந்த மன்றம் எதற்கு?

கடைசி வரிசையைப் பார்த்தாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முசெம்பி அவள் முழங்கையைத் தொட்டு, "காம்ரேட், ஓட்டுக்கு விடுங்க" என்றான்.

"தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. முன்னாலிருந்து பின்னால்வரை, ஒன்று விடாமல். கதவோரத்தில் அம்மாவும் கையைத் தூக்கினாள். பார்வையாளர்களுக்கு ஓட்டு இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் மனமும் வரவில்லை.

முவாடிமே அக்காவின் பிடியிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். அந்தக் கையை மேலே தூக்கினார்.

"உனக்கு ஓட்டு இல்லடா" என்று அக்கா சொல்லிச் சிரித்தது, கூடத்தின் அமைதியில் மேசைவரை கேட்டது.

வகேஷோ எண்ணினாள். எண்ணி முடித்துத் தாளில் எழுதினாள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அம்மாவின் கையும் இறங்கியது.

மாமா கையை இறக்கவில்லை. நானூறு பேரும் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே நின்றார். கடைசியாக அம்மாவும் திரும்பி, அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.